நாற்பது பேர் சாப்பாடு

கன்றுக்குட்டியின் இடது விலாவில் இருந்த குறி ஆர்லோ வோட்ருபாவுடையது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறைகள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல், லவோன் ஹாஃப்மன் அந்த வழவழப்பான அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் அவள் கணவன் டெல்மர் நின்றிருந்தான். தலையில் தொப்பி, கையில் தோலுறை, புகை கிளம்பும் சூட்டுக்கோல். காலடியில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்த கன்று. மேலே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'நாலு தலைமுறையாக எங்கள் பண்ணை, எங்கள் மாடு, எங்கள் உழைப்பு. டெல்மர் ஹாஃப்மனைக் காங்கிரஸ் சபைக்கு அனுப்புங்கள்.'

எங்கள் மணல்மேட்டுப் பக்கத்தில் பிள்ளைகள் எழுத்தைப் படிக்கும் முன்பே மாட்டுக் குறிகளைப் படித்துவிடும். ஹாஃப்மன் குறி, தலையில் கோடு போட்ட முக்கோணம். அதுவும் வலது தொடையில்தான் விழும். அதைத் தெரியாதவர்கள் நெப்ராஸ்காவின் கிழக்கே நகரங்களில் வேண்டுமானால் இருக்கலாம். இங்கே யாருமில்லை. இந்த அட்டை இன்று காலை எல்லார் பெட்டியிலும் விழுந்திருக்கும். ஆர்லோவின் பெட்டியிலும்.

பின்பக்கம் டெல்மரின் கொள்கைகள். வரியைக் குறைப்பேன், செத்தவன் நிலத்துக்குப் பிள்ளையிடம் வரி கேட்பதை ஒழிப்பேன். எல்லையைக் காப்பேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். பிறக்காத குழந்தையும் உயிர்தான். மழைத் தண்ணீர் தேங்கும் குட்டையைக்கூட வாஷிங்டன் சொந்தம் கொண்டாடுவதை நிறுத்துவேன். கடைசியில், அண்டை வீட்டார் செய்யவேண்டியதை அரசாங்கம் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி.

இதில் எதோடும் லவோனுக்குச் சண்டை இல்லை. பாதி வாக்கியங்களைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்ததே அவள்தான். அந்தக் கடைசி வரி முழுக்க அவளுடையது. பனிப்புயல் அடித்த வருஷம் ஆர்லோவின் மனைவி பெர்னிஸ் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த மாதம் முழுக்க டெல்மர்தான் தினமும் விடிவதற்குள் போய் ஆர்லோவின் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து தன் மாடுகளைப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. யாரும் நன்றியும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் நன்றி சொன்னால் சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் கூச்சமாக இருக்கும். அதை நினைத்துத்தான் லவோன் அந்த வரியை எழுதினாள்.

அவள் வண்டியை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கேட்டைச் சாத்தினாள். பக்கத்து இருக்கையில் வருகிறவர் இறங்கித் திறப்பதுதான் வழக்கம்; டெல்மர் ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகக் கிளம்பிய இந்தக் குளிர்காலத்திலிருந்து கேட்டெல்லாம் அவளே இறங்கித்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

டெல்மர் அன்று மாலை வீடு வந்தபோது, அட்டை அவனுடைய தட்டின் மேல் இருந்தது.

"நல்லா வந்துருக்குல்ல?" என்றான் தொப்பியைக் கழற்றியபடி.

"கன்னுக்குட்டியப் பாரு."

பார்த்தான். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு காது மடல் சிவந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஐயோ."

"தீவனக் கடை ஹெர்ஷல் போன் பண்ணினான். 'உன் புருஷன் காங்கிரஸுக்குப் போறானா, ஜெயிலுக்குப் போறானா, மாட்டுத் திருட்டு இன்னும் குத்தம்தானே'ன்னு கேட்டான். சிரிச்சுகிட்டேதான் கேட்டான். அதுக்கப்புறம் இன்னும் மூணு பேரு."

"கேண்டிஸுக்கு எப்படித் தெரியும்? அவ ஓமாஹா பட்டணத்துக்காரி. அவளுக்குக் கன்னுன்னா கன்னு."

கேண்டிஸ் அவனுடைய தேர்தல் வேலைகளைப் பார்க்கிறவள். கெட்டிக்காரி, கெட்டவள் இல்லை. ஏப்ரலில் ஆர்லோ வீட்டில் கன்றுகளுக்குச் சூடு போட்ட அன்று கேமராக்காரனோடு வந்தவளும் அவள்தான்.

"அவளுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியாதா? அச்சுக்குப் போறதுக்கு முந்தி உனக்கு அனுப்பியிருப்பாளே?"

"போன்ல அனுப்பினா. வண்டி ஓட்டிகிட்டு இருந்தேன். சரி, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

"குறியே பிரச்சினை இல்ல டெல். அடுத்தவன் கன்னுக்கு அடுத்தவன் கோலால சூடு போடுறது நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதான். அன்னைக்கு நீ எத்தனை மணிக்குக் கிளம்பின?"

"எனக்கு அன்னைக்கு கியர்னில கூட்டம் இருந்துச்சு."

"சாப்பிடாமப் போன."

"லவோன், கூட்டம்."

"படம் புடிச்சிட்டு, கையை உதறிட்டு, சாப்பிடாமப் போன. பெர்னிஸ் உனக்குத் தட்டு வெச்சா. இடுப்பு வலியோட நின்னு வெச்சா. அந்தத் தட்டை நான்தான் திரும்ப அலமாரியில அடுக்கினேன். டார்னெல் வீட்டுச் சூட்டுக்கு நீ வரவே இல்ல. நெல்ஸன் வீட்டுக்கும் வரல. நான் போனேன். ஊசி போட்டேன், பாத்திரம் கழுவினேன், 'டெல் எங்க'ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் பல்லைக் காட்டினேன். சனிக்கிழமை நம்ம சூடு. யாரு வருவாங்கன்னு நெனைக்கிற?"

டெல்மர் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கொள்கைகள் மேலே வந்தன.

"வருவாங்க. எப்பவும் வந்தவங்கதானே."

எங்கள் பக்கத்தில் கன்றுக்குச் சூடு போடுவதற்குக் கூலி கிடையாது. குதிரையில் இருந்து கயிறு வீசிக் கன்றின் பின்னங்காலைப் பிடிப்பவர்கள், தரையில் உருட்டிப் பிடிப்பவர்கள், கோல் வைப்பவன், காயடிப்பவன், ஊசி போடுகிறவர்கள் எல்லாருமே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. மதியம் அந்த வீட்டுக்காரி போடும் சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று கணக்கு. சாப்பிடாமல் போகிறவன், உன்னோடு எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஹாஃப்மன் கன்றுகளுக்கு இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் முழுக்க மழை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. ஈரத் தோலில் சூடு வைத்தால் குறி அப்பிக்கொண்டு எதுவென்றே தெரியாமல் போய்விடும். சூடு போடாத கன்றைக் கோடைக்கால மேய்ச்சலுக்கு அனுப்பவும் முடியாது. அங்கே மூன்று வீட்டு மாடுகள் கலந்து மேயும். வீட்டு மேய்ச்சலிலோ புல் தீர்ந்து மணல் தெரிய ஆரம்பித்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று அத்தனை கன்றையும் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. செவ்வாய்க்கிழமை ரிபப்ளிகன் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கட்டத் தேர்தல். அதில் ஜெயிப்பவன்தான் நவம்பரிலும் ஜெயிப்பான், எங்கள் தொகுதி அப்படி. ஆனால் லவோனுக்கு அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் இருப்பதாகவே தோன்றவில்லை. சனிக்கிழமையோடு வாரம் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை அவள் போனை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டாள். எல்லா வருஷமும் ஆண்கள்தான் கூப்பிடுவார்கள்.

"சனிக்கிழமை சூடு வெச்சிருக்கோம் டார்னெல்."

"அப்படியா. மழை வரும்ங்கிறாங்க."

"அதுக்குள்ள முடிச்சிடலாம்னு."

"பார்ப்போம் லவோன்."

நெல்ஸனும் பார்ப்போம் என்றான். போன வருஷம் வரை, 'எத்தனை குதிரை கொண்டு வரணும்' என்பதுதான் பதிலாக இருந்தது. ஆர்லோ வீட்டில் பெர்னிஸ் எடுத்தாள். இடுப்பைப் பற்றி, பூத்திருக்கும் பிளம் மரத்தைப் பற்றி, பேத்தியைப் பற்றியெல்லாம் பேசினாள். சூட்டைப் பற்றி, "அவர்கிட்ட சொல்றேன்மா" என்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லவோன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வருவார்களோ மாட்டார்களோ, நாற்பது பேருக்குச் சமைத்தே ஆகவேண்டும். அடுப்பில் இரண்டு பெரிய மாட்டிறைச்சித் துண்டுகள் வெங்காயத்தோடு மெதுவாக வெந்துகொண்டிருந்தன. மேசை முழுக்கப் பட்டைப்பொடி தூவிய சுருள் ரொட்டிகள் உப்பிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே காற்று திசை மாறியதில் காற்றாலை கிறீச்சிட்டது.

டெல்மர் எதிரே உட்கார்ந்து அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகரத்தில் வேட்பாளர் விவாதம், ரேடியோவில் நேரடியாக வரும். அதே கட்சியில் அவனுக்கு எதிரே நிற்பவன் கிழக்கே இருந்து வந்த வக்கீல்.

"கேள்வி கேளு" என்றான். "வக்கீல் மாதிரி கேளு. இரக்கம் காட்டாத."

"சரி. திரு. ஹாஃப்மன் அவர்களே, வரியைக் குறைச்சா வாஷிங்டன் கடனை எப்படி அடைப்பீங்க?"

"சம்பாதிக்கிறதுக்கு மேல செலவு பண்றவன் வரியை ஏத்தினாலும் கடன்காரன்தான். முதல்ல செலவைக் குறைக்கணும். என் பண்ணையில நான் அப்படித்தான் பண்றேன்."

"உங்க பண்ணையில போன வாரம் யாரு வேலிக்கம்பி கட்டினது?"

"லவோன்."

"கேள்வி கேக்கச் சொன்னது நீதானே? சரி, அடுத்தது. எல்லை."

"வாசல்னு ஒண்ணு இருந்தா கதவும் இருக்கணும். தட்டிட்டு வர்றவனுக்கு உள்ள இடம் உண்டு. வேலியைத் தாண்டி வர்றவனை என்னன்னு கேக்கிற உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு."

"இது நல்லாருக்கு."

"நீ சொன்னதுதான்."

"தெரியும். அதான் நல்லாருக்கு." அவள் தோலை வாளியில் தள்ளினாள். "துப்பாக்கி?"

"எங்க ஊர்ல போலீஸ் வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என் குடும்பத்துக்கு நான்தான் போலீஸ்."

"மருத்துவம். எல்லாருக்கும் அரசாங்கம் காப்பீடு தரணுமா?"

டெல்மர் கிழங்கைக் கீழே வைத்தான். இந்தப் பதிலை அவன் கையால் பேசுவான்.

"தூரத்துல இருக்கிற ஆபீஸுக்கு என் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது. எனக்குத் தெரியும். அவன் படுத்தா அவன் மாட்டுக்கு வைக்கோல் போட நான் போவேன். நான் படுத்தா அவன் வருவான். இதை எந்தச் சட்டமும் எங்களுக்குச் சொல்லித் தரல. அரசாங்கம் உள்ள வந்தா, முதல்ல சாகிறது இதுதான்."

"சனிக்கிழமை யாரு வருவாங்க, திரு. ஹாஃப்மன்?"

அவன் கிழங்கை மறுபடி கையில் எடுத்தான்.

"கேள்வி புரியலையா? திரும்பக் கேக்கவா?"

"வருவாங்க லவோன். எத்தனை தடவை சொல்றது."

"நீ சொன்னதை எல்லாம் நிஜமாவே பண்ணினவன் நீ. அதான் எனக்கு எரிச்சலே. சும்மா வாயால சொல்றவனா இருந்தா நான் என்னைக்கோ சிரிச்சுட்டு விட்டுருப்பேன். மேடையில அதைச் சொல்ல ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதைப் பண்ண உனக்கு நேரம் இல்ல. ஆர்லோ வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வா. அட்டை தப்பாப் போச்சுன்னு சொல்லு. பத்து நிமிஷம்."

"போறேன். தேர்தல் முடியட்டும். இப்ப போனா ஓட்டுக்காக வந்தேன்னு நெனைப்பான்."

அது உண்மை. ஆர்லோ அப்படித்தான் நினைப்பான். அந்த எரிச்சலில் கிழங்கோடு சேர்த்துக் கட்டைவிரலையும் சீவிக்கொண்டாள். டெல்மர் எழுந்து வந்து அவள் விரலைத் தண்ணீரில் பிடித்து, தன் கைக்குட்டையைச் சுற்றினான். தலை குனிந்திருந்தது. உச்சியில் முடி குறைந்திருப்பதை அவள் பார்த்தாள். இதே ஆள்தான் ஆர்லோவின் அப்பா காலத்தில், ஒரு சூட்டு நாளில், கன்றைப் பிடிக்கத் தெரியாமல் சாணியில் விழுந்த, பட்டணத்திலிருந்து வந்திருந்த அவளுக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, மதியம் அவள் தட்டையும் சேர்த்து இரண்டு தட்டு ஏந்திக்கொண்டு வந்தவன். அன்று அவன் பேசியது மொத்தம் ஒரு வாக்கியம் இருக்கும். இப்போது அவன் பேச்சுக்கு ஊர் ஊராகக் கைதட்டுகிறார்கள்.

"வலிக்குதா?"

"கிழங்கை உரி" என்றாள்.

சனிக்கிழமை விடியலில் மூச்சு புகையாக வந்தது. மேற்கே அடிவானத்தில் மேகம் சாம்பல் நிறத்தில் படுத்திருந்தது. டெல்மரும் லவோனும் மட்டும் குதிரையேறிப் போய் மாடுகளைப் பட்டி வரை ஓட்டி வந்தார்கள். தாயைத் தேடிக் கன்றும், கன்றைத் தேடித் தாயுமாக ஒரே கத்தல். அடுப்பில் கோல்கள் சிவந்துகொண்டிருந்தன. பாதை காலியாக இருந்தது.

டெல்மர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

"ரெண்டு பேரா ஆரம்பிக்கலாமா?" என்றாள் லவோன்.

"இரு."

மேட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் ஒரு வண்டி, அதன் பின்னால் குதிரை ஏற்றிய டிரெய்லர். அதன் பின்னால் இன்னொன்று. டார்னெல், நெல்ஸன், அவன் தம்பிகள், தெற்குப் பண்ணைக்காரர்கள், மாட்டு டாக்டர், பாதிரியார். கடைசியில் ஆர்லோவின் பழைய பச்சை வண்டி. லவோனுக்கு மூக்கு எரிந்தது. குதிரையின் மறுபக்கம் திரும்பி நின்று, சேணத்தை இறுக்குவது போல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல" என்றான் டெல்மர். குரலே நிமிர்ந்துவிட்டது. எல்லாரிடமும் போய்க் கை குலுக்கினான். அவர்களும் குலுக்கினார்கள்.

"டேய் ஆர்லோ! அந்த அட்டை விஷயம், அது வந்து, ஓமாஹாக்காரங்க..."

"கோலு சூடாயிருச்சா?" என்றான் ஆர்லோ.

"ஆயிருச்சு."

"அப்ப ஆரம்பி. மழை வருது."

அப்படி ஒரு வேலையை லவோன் பார்த்ததில்லை. ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல், ஒரு கயிறுகூடத் தவறாமல், கன்று வந்து விழுவதும், அமுங்குவதும், கோல் விழுந்து புகை எழுவதும், எழுந்து தாயிடம் ஓடுவதுமாக வேலை போய்க்கொண்டே இருந்தது. எரிந்த முடி வாடையும் சாணியும் மருந்தும் கலந்து தொண்டையில் ஒட்டியது. வழக்கமாகச் சூட்டு நாளில் காது கொடுத்துக் கேட்க முடியாது. கயிறு தவறவிட்டவனை மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள், உதை வாங்கியவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், காயடிக்கிறவனைப் பற்றி ஏதாவது ஒரு கெட்ட ஜோக் வரும், பாதிரியார் கேட்காதது போல் சிரிப்பார். இன்று கன்றுகள்தான் கத்தின. மனிதர்கள், "கயிறு", "விடு", "அடுத்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டெல்மருக்கு அது தெரிந்ததா என்று லவோன் ஊசியோடு குனிந்து நிமிரும்போதெல்லாம் பார்த்தாள். அவன் கோல் வைத்துக்கொண்டிருந்தான். நல்ல கை. அழுத்தாமல், நகர்த்தாமல், தோல் செப்பு நிறமானதும் எடுத்துவிடுவான். மழைமேகம் காற்றாலைக்கு மேல் வந்தபோது கடைசிக் கன்று எழுந்து ஓடியது. பட்டியின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

லவோன் வீட்டுக்கு ஓடினாள். கொட்டகைக்குள் நீள மேசைகள் ஏற்கெனவே போட்டிருந்தன. இறைச்சி, சீஸ் ஊற்றிச் சுட்ட கிழங்கு, பீன்ஸ், சுருள் ரொட்டி, சாக்லேட் கேக், பெரிய டிரம்மில் காபி. மூடியைத் திறந்ததும் ஆவி கொட்டகை முழுக்கப் பரவியது. கை கழுவ வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு ரெடி!" என்று சத்தமாகச் சொன்னாள். "டார்னெல், கை கழுவு. வாங்க எல்லாரும்."

டார்னெல் தொப்பியின் விளிம்பைத் தொட்டான். "வேலை கெடக்கு லவோன்."

"ஒரு வாய்..."

"மழைக்கு முந்தி போயிடறோம்."

நெல்ஸன் அவளைப் பார்க்காமலே வண்டியில் ஏறினான். அவன் தம்பிகளில் இளையவன் கொட்டகைப் பக்கம் மூக்கைத் தூக்கி, ஏக்கமாக ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணன் பின்னால் போனான். பாதிரியார் மட்டும் தயங்கினார். ஆனால் வேறொருவர் வண்டியில் வந்திருந்ததால் அவரும் ஏறிக்கொண்டார். வண்டிக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஆர்லோ கடைசியாகத் தன் கயிற்றைச் சுருட்டிச் சேணத்தில் மாட்டினான்.

"ஆர்லோ."

"நல்ல கன்னுங்க" என்றான் அவன். "இந்த வருஷம் நல்லா வந்துருக்கு."

வரிசையாக வண்டிகள் மேட்டைத் தாண்டின. கொட்டகையில் நாற்பது தட்டுகள் கவிழ்த்தபடி இருந்தன.

டெல்மர் கோல்களை மண்ணில் குத்தி ஆற வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். முகம் முழுக்கப் புகைக்கரி. சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வந்தாங்க பார்த்தியா? ஒருத்தன் பாக்கி இல்ல. ஒரு கன்னு பாக்கி இல்ல."

"டெல், கொட்டகையைப் பாரு."

பார்த்தான். காலி பெஞ்சுகளைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான்.

"மழை வருதுன்னு போயிருப்பாங்க."

"மழையில ஆலங்கட்டி விழுந்தப்பக்கூட நம்ம கொட்டகையில உக்காந்து சாப்பிட்டவங்க அவங்க."

"வேலைக்கு வந்தாங்கல்ல? வராம இருந்துருக்கலாம்ல? கோபம் இருந்தா வருவாங்களா?"

"எனக்காக வந்தாங்க. நான் அவங்க வீட்டுக்குப் போனதுக்குக் கணக்குத் தீர்க்க வந்தாங்க. தீர்த்துட்டாங்க. இனிமே அவங்களுக்கும் நமக்கும் ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் யாரையும் கூப்பிட வேணாம். புரியுதா உனக்கு? நீ அன்னைக்கு ஆர்லோ வீட்டுல சாப்பிடாமப் போனதை அவன் உனக்கு அப்படியே திருப்பிக் குடுத்துட்டுப் போறான்."

டெல்மர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு சுருள் ரொட்டியை எடுத்து, கடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"இப்பவே கிளம்பு" என்றாள். "நானும் வர்றேன். இதெல்லாத்தையும் வண்டியில ஏத்து. ஆர்லோ வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சு வீடு வீடா."

"ஆறு மணிக்கு விவாதம் லவோன். மூணு மணி நேரம் ஓட்டணும். இப்பக் கிளம்பினாத்தான் குளிச்சிட்டு நேரத்துக்குப் போக முடியும்."

"ஒரு விவாதத்துக்குப் போகலைன்னா என்ன?"

"வக்கீல் ஜெயிப்பான். அவன் ஜெயிச்சா இங்க உள்ளவங்க நெலத்துக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். டார்னெல் அப்பா செத்தப்ப வரிக்காகக் கீழ் மேய்ச்சலை வித்தாங்களே, அதுக்காகத்தானே நான் நிக்கிறதே. இவங்களுக்காகத்தான் போறேன். இவங்களுக்காகத்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனைத் திட்டுவதற்குச் சரியான இடமே கிடைக்காமல், லவோன் ஒரு துண்டை எடுத்து அவன் கன்னத்துக் கரியைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"போ" என்றாள். "நீலச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு."

அவன் போன பிறகு மழை பெரிதாக வராமல், தூறிவிட்டு நின்றது. லவோன் அடுப்பை மறுபடி மூட்டி எல்லாவற்றையும் சூடாக்கி, தட்டங்களை ஈயத்தாளால் மூடி, வண்டியின் பின்னால் அடுக்கி, தார்ப்பாயைக் கட்டினாள். ஆர்லோ வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது வெயில் சாய்ந்து மணல்மேடுகள் மஞ்சளாகியிருந்தன. ஆர்லோ தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் வண்டி ரேடியோவில் டெல்மரின் குரல் கேட்டது. லவோன் தன் வண்டி ரேடியோவிலும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் அவனே பேசினான்.

"கூட்டம் எப்படி, நல்லாப் பேசுறானா?" என்றாள்.

"எல்லை பத்தி நல்லாச் சொன்னான். கதவு, வாசல்னு."

"அது என்னுது."

"அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

அவள் தார்ப்பாயை விலக்கினாள். ஆர்லோ தட்டங்களைப் பார்த்தான். அதற்குள் ரேடியோவில் ஒரு பெண் குரல் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டது.

"தூரத்துல இருக்கிற ஆபீஸுக்கு என் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது" என்றான் டெல்மர். லவோன் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டாள். "இன்னைக்குக் காலையில என் பண்ணையில கன்னுக்குச் சூடு போட்டோம். அக்கம்பக்கத்துல ஒரு வீடு பாக்கியில்லாம வந்தாங்க. கூலி கிடையாது. யாரும் உத்தரவு போடல. வேலை முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்..."

அங்கே குரல் நின்றது.

அந்த வரியை அவன் போகிற ஊரெல்லாம் சொல்வான். வாய் தானாகப் போய்விட்டது. ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்டது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்ட மனிதனின் மூச்சு. லவோன் கண்ணை மூடி, சொல்லு, சொல்லு, யாரும் சாப்பிடலைன்னு சொல்லு என்று மனதுக்குள் அவனைக் கெஞ்சினாள். "நேரம் முடிந்தது, நன்றி" என்றாள் அந்தப் பெண். கைதட்டல் கேட்டது.

ஆர்லோ பூட்ஸிலிருந்து மணலைத் தட்டிக் கொட்டினான்.

"சொல்றது எல்லாம் சரியாத்தான் சொல்றான்" என்றான். "ஓட்டு அவனுக்குத்தான். எனக்கும் பெர்னிஸுக்கும். டார்னெலும் அப்படித்தான் சொன்னான். அதுல சந்தேகம் வேணாம். வக்கீலுக்கு யாரு போடுவா?"

"ஓட்டு வேணாம் ஆர்லோ."

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை யாருக்கு வேணா போடு. போடாம வீட்டுலகூட இரு. இப்ப ஒரு தட்டு எடுத்துட்டு வா. பெர்னிஸையும் கூப்பிடு. இங்கயே, இந்தப் பலகையிலயே உக்காந்து சாப்பிடலாம்."

ஆர்லோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். நெற்றியில் தொப்பி மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் பெர்னிஸ் நின்றிருப்பது தெரிந்தது. அவளும் வெளியே வரவில்லை.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல லவோன்."

"தெரியும்."

"அவன் வந்து கூப்பிடட்டும்."

"அவன் வாஷிங்டன் போயிடுவான் ஆர்லோ."

"அப்ப அங்கேர்ந்து வந்து கூப்பிடட்டும்" என்றான். இறங்கி வந்து, கலைந்திருந்த தார்ப்பாயை அவனே இழுத்து மூடி, காற்றில் பறக்காதபடி முனைகளை இறுக்கிக் கட்டிக் கொடுத்தான்.

டார்னெல் வீட்டுக்கு இன்னும் வெகுதூரம். வழியில் மூன்று மேய்ச்சல்கள், மூன்று கேட். ரேடியோவில் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார்கள். டெல்மர் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னான். இறைச்சித் தட்டம் ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் சரிந்து இடித்தது. முதல் கேட் வந்ததும் லவோன் பழக்கத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து, கேட்டைத் திறக்க இறங்கினாள்.